பிளேக் மாரியம்மன்

கோயம்புத்தூரில் ஒரு மாரியம்மனுக்குப் பிளேக் மாரியம்மன் என்று பெயர். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாமி பெயருக்கு முன்னால் இங்கிலீஷ் நோயா?

அம்மை நமக்குப் பழைய பயம். அதற்கு ஒரு முறை இருந்தது. வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள், 'ஆத்தா வந்திருக்கா' என்று தணிந்த குரலில் சொல்வார்கள். 1896இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கூரையிலிருந்து எலி செத்து விழும். அக்குளில் நெறி கட்டும். நாலைந்து நாளில் ஆள் போய்விடுவார். எலி விழுந்ததுமே வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கியவர்கள் உண்டு.

நோயைவிட அரசாங்கத்துக்குப் பயந்தவர்களும் உண்டு. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பூனாவில் பட்டாளக்காரர்கள் வீடு புகுந்து சோதித்தார்கள், நோயாளிகளைத் தூக்கிப்போனார்கள். அந்த ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். சரி, டாக்டர்களுக்காவது தெரிந்திருந்ததா? நோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்று 1898இல் கராச்சியில் சிமோன்ட் சோதித்துச் சொன்னார். பெரிய டாக்டர்களே நம்பவில்லை. ஹாஃப்கின் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர்தான். ஆனால் ஊசி போட்டாலே காய்ச்சல் வரும். யார்தான் கையை நீட்டுவார்கள்?

ஆத்தாவிடம் போனதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடிப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. அதிகாரியைக் கேள்வி கேட்க முடியாது. அம்மனைக் கேட்கலாம், 'உனக்குக் கண்ணில்லையாடி' என்று வையவும் செய்யலாம். பெங்களூரிலும் ஒரு பிளேக் அம்மா இருக்கிறாள். பெயரில்லாத பயத்தை யாரிடம் போய் முறையிடுவது? சர்க்கார் நோட்டீசில் இருந்த பெயரையே எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டார்கள்.

2021 மே மாதம் கோவை இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். அந்தப் படத்தை நானும் சிரிப்பு எமோஜி போட்டு நாலு குரூப்புக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் மாமாவுக்கு ஆக்சிஜன் படுக்கை தேடி ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். போன் போட்ட பதினொரு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எந்த அம்மன் பெயர் என்று கேட்கவில்லை. கூடவே நானும் சொன்னேன்.