கரையில் நடந்தவர்கள்

திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தூண்களுக்கு நடுவே கறுப்பாகத் தேங்கிக் கிடக்கிறதே, அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். அதைச் சாக்கடை என்று நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் அதிலே மகாபலிபுரம் போயிருக்கேண்டா" என்றாள்.

சிறு பெண்ணாக இருந்தபோது போனாளாம். கூடை நிறையக் கட்டுச்சாதம், ஒரு கூஜா தண்ணீர். மாலையில் மயிலாப்பூரில் படகேறினால் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேரலாம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். இன்னொருவர் கரையோடு நடந்து கயிற்றால் இழுப்பார். அந்த மனிதர் தோளில் கோணித் துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார் என்பது அறுபது வருஷத்துக்குப் பிறகும் பாட்டிக்கு ஞாபகம் இருந்தது. அங்கே போய்ப் பார்த்த சிற்பங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டியது இதன் தொடக்கம். 1837-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே கிருஷ்ணா டெல்டாவில் பெத்த கஞ்சாம் வரை, தெற்கே மரக்காணம் வரை நீண்டு, மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர் ஆயிற்று. கடலை ஒட்டியே, ஆனால் கடலில் இறங்காமல் ஒரு பாதை! நம் கரையில் அடிக்கிற அலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் கிளிஞ்சலும் நெல்லும் இதில்தான் சென்னைக்கு மிதந்து வந்தன.

ஒரு குறை மட்டும் வெகு காலம் இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர் வெறும் தரை. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் சேரவில்லை. வெட்டுவதற்கு ஆள் வேண்டுமே! தாது வருஷத்துப் பஞ்சம் ஆள் கொடுத்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள், பாதித்த பிரதேசங்கள் எல்லாவற்றிலுமாக, சர்க்கார் கணக்குப்படியே ஐம்பது லட்சத்துக்கு மேல். உடம்பில் திராணி உள்ளவனுக்குச் சும்மா சோறு போட்டால் கெட்டுவிடுவான் என்பது துரைமார்களின் சித்தாந்தம். 1877 ஜனவரியில் வைசிராயின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் உழைக்கிற ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்களுக்கு அதிலும் குறைவு. போதாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சென்னை சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் விடாமல் வாதாடினார். சில மாதங்களில் சென்னை சர்க்கார் கூலியைக் கொஞ்சம் உயர்த்தியது. அரை ராத்தலுக்காக இங்கிலீஷில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள்!

அப்படிக் கூலிக்கு வந்தவர்கள் 1877-78-ல் வெட்டியதுதான் மயிலாப்பூர் வழியாகப் போகும் துண்டு. கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறிப் போனதைச் சொல்வது. உல்லாசமாகத்தான் தொடங்குகிறது, ஆனால் கண் கரைக்குப் போய்விடுகிறது, கயிறு இழுப்பவனிடம். என் பாட்டி அதைப் படித்தவள் அல்ல.

லாரியும் ரயிலும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1965, 1966, 1976 புயல்கள் மிச்சத்தையும் சிதைத்தன. 1990-களில் பறக்கும் ரயிலுக்கான தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். 2008-ல் இதைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நகரத்துக்குள் காகிதப் படகுதான்.

பாட்டியை ஒரு தடவை அந்த ரயிலில் அழைத்துப் போனேன். திருமயிலையிலிருந்து சேப்பாக்கம் வரையில் ஜன்னலோரம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இழுக்கிறவன் நடக்கிறதுக்குக் கரையே இல்லையேடா" என்றாள்.