காகிதச் சுருளும் ஒட்டிய பையும்

ஈப்போ புந்தோங்கில் தமிழர் வறுத்த கச்சாங் பூத்தே ஒரு காலத்தில் பழைய செய்தித்தாள் சுருளில் கைமாறியது. அச்சு மையைப் பற்றி எவர் கவலைப்பட்டார்! 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு விதிகளும் வந்தபின், பையில் அடைத்து விற்பவர் சேர்மானங்களையும் எடையையும் தம் முகவரியையும் அச்சிடக் கடமைப்பட்டார். 1988இல் பேராக்கில் நச்சேறிய மீ உண்டு 13 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் விதிகளை வீண் கெடுபிடி என்று யார் கூற இயலும்? 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள், தயாரிப்பிடத்தைப் பதிவு செய்யவும், பணியாளர் பயிற்சி பெற்று டைபாயிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் பணித்தன.

ஜொகூரின் பாலோவில் முறுக்குச் சுட்டு விற்கும் இல்லத்தரசிக்கும் சட்டம் ஒன்றே. பை வாயை வெப்பத்தால் ஒட்டும் சிறு கருவியை அவர் வாங்கிவிடலாம். தானே எடையிட்டு நிரப்பி ஒட்டும் இயந்திரமோ ஆலைக்கே எட்டும். முறுக்கு நமுத்துப்போகாமல் காப்பவை இரண்டுமே. கடையில் இடம் பிடிப்பது பெரும்பாலும் ஆலைப் பைதான்.