சாறு

‘சாறு’ என்னும் சொல் இன்று பிழிந்தெடுத்த நீரையே குறிக்கிறதாயினும், சங்க நூல்களில் அதே வடிவில் அமைந்த மற்றொரு சொல் ‘விழா’ என்று பொருள்பட்டது. விழாக் கொண்டாடுதலைச் ‘சாறு அயர்தல்’ என்றனர். இங்கு ‘அயர்தல்’ என்பது சோர்தல் அன்று, விரும்பி நிகழ்த்துதல் ஆகும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், சுற்றத்தார் பலரும் சாறு நிகழும் பழைய ஊரில் ஒன்றுகூடுவதைப் போல, பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்தோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்தனர் என்கிறார். அயலவரின் குடியிருப்பை விளக்க விழாவையே உவமையாக்கியதும், அவர்களை வேடிக்கை பார்ப்போராக அன்றிச் சுற்றத்தாராக நிறுத்தியதும் இவ்வுவமையின் உயர்வு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையும் அந்நகரின் யவனர் இருப்பிடத்தையும், இளவேனிற்காலமாகிய சித்திரையில் தொடங்கும் இந்திரவிழாவையும் சேர்த்தே கூறுகிறது.

தோல் பதனிடும் தொழில் செழித்த வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தார்க்கு இச்சொல்லுடன் வேறோர் உறவும் உண்டு. புறநானூற்றின் 82ஆம் பாடலில் சாத்தந்தையார், ஊரில் சாறு தொடங்கிவிட, மனைவி மகப்பேற்று வலியில் இருக்க, மழை பொழியும் மாலையில் கட்டிலுக்குத் தோல்வார் பின்னும் தொழிலாளியின் ஊசி விரையும் வேகத்தைச் சோழ மன்னன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவுக்கு உவமையாக்குகிறார். ஊர் கொண்டாடும் நாளிலும் ஓய்வு பெறாத உழைப்பாளியையும், பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியவரையும் ஒருங்கே நினைவூட்டும் இச்சொல், மீண்டும் வழக்கில் இடம்பெறத் தக்கதாகும்.