கார்லைலின் மாடியறையும் என் முட்டை அட்டைகளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பில் காலி வீதியை அண்டிய வீடொன்றில் குடியிருந்தோம். நோயுற்றிருந்த என் தாயாருக்குப் பேருந்து இரைச்சலால் உறக்கமில்லை. யாரோ சொன்னதை நம்பி, முட்டை அடுக்கும் அட்டைகளைச் சேகரித்து அவரது அறைச்சுவர் முழுவதும் ஒட்டினேன். இரைச்சல் குறையவேயில்லை. அறைக்குள் நாம் பேசும்போது எழுந்த எதிரொலி மட்டுமே சற்றுத் தணிந்தது. இதற்கான விளக்கத்தைப் பின்னர் வரலாற்று நூல்களிலேயே கண்டேன்.

பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதிய தோமஸ் கார்லைல் 1834 முதல் இலண்டன் செல்சியில் வாழ்ந்தவர். அயல்வீட்டுப் பியானோவும் சேவல்களும் அவரைப் பெரிதும் வாட்டின. 1853இல் பெரும் செலவில் வீட்டின் உச்சியில் ஓர் அறை கட்டுவித்தார். சுவர்கள் இரட்டைச் சுவர்கள். வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி. அயலார் சத்தம் தணிந்தது. ஆனால், முன்னர் அவர் கவனித்திராத தேம்ஸ் ஆற்றுப் பக்கத்து ஒலிகள் மேலிருந்து வந்து சேர்ந்தன. சுவர் தடித்தும் கூரை மெலிந்தும் இருந்தால் ஒலி மெலிந்த வழியையே தேடிக்கொள்ளும்.

அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் சிக்கல் வேறு. அங்கு ஃபொக் கலைக்கூட விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் ஐந்தரை விநாடி வரை ஒலித்தது. 1895இல் இதனை ஆராயப் பணிக்கப்பட்ட இளம் பௌதிகவியலாளர் வொலஸ் சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி அளந்தார். மெத்தைகள் கூடக்கூட ஒலி விரைந்து அடங்கிற்று. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பொனி மண்டபம் அவரது கணிப்புகளைக் கொண்டே அமைந்தது.

மென்மையான பொருள் அறைக்குள் பிறக்கும் ஒலியை உறிஞ்சும். வெளியொலியைத் தடுக்கக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். நான் சபைனின் மருந்தைக் கார்லைலின் நோய்க்குக் கொடுத்திருந்தேன்.

அட்டைகளைக் கழற்றினேன். யன்னலுக்குக் கனத்த பலாப்பலகைக் கதவு இட்டு, இடுக்குகளில் றப்பர் பட்டி ஒட்டுவித்தேன். முழு அமைதி கிட்டவில்லை. பேருந்துகள் தூரத்தில் ஓடுவது போலிருந்தது. அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. ஆகவே, பணத்தைச் செலவிடுமுன் நண்பர்கள் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: உங்களை வருத்தும் சத்தம் அறைக்குள் பிறப்பதா, வெளியிலிருந்து வருவதா?