மகவுக்குக் காவலா? மண்ணுக்குக் காவலா?

தகப்பன் மாண்டான். ஐந்து வயதுப் பாலகன், கையிலே கொள்ளிச்சட்டியுடன், காரணம் புரியாமல் கண்கலங்கி நிற்கிறான். கருமாதி முடியுமுன்னே கூடத்திலே கூடிவிடுகின்றனர் உறவினர். "பையனை யார் வளர்ப்பது?" என்ற கேள்வி மெல்ல எழுகிறது, "பத்திரம் யாரிடம் இருக்கிறது?" என்ற கேள்வி உரக்க எழுகிறது. மூலையிலே முகம் புதைத்து விம்மும் தாயை எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. நாம் நம் ஊரிலே, நம் தெருவிலே கண்ட காட்சிதான் இது!

இந்தக் கூடத்திற்குள்ளே சட்டம் நுழைந்தது. மைனரின் சொத்தைக் காப்பது அரசின் கடமை என்றது. நல்ல சொல்தான். ஆயினும் நாம் ஒன்று கேட்கிறோம்: அந்தக் காவல் குழந்தைக்காக நிலத்தைக் காத்ததா, நிலத்துக்காகக் குழந்தையைக் காத்ததா? விடையை வரலாறு தரட்டும்.

பழமை போற்றுவோர் உடனே சொல்வர், "எங்கள் சாத்திரம் அன்றே சொல்லிவிட்டது" என்று. சொல்லியிருக்கிறது; மறுக்கவில்லை. மனுவின் நூல் எட்டாம் அத்தியாயத்திலே, சிறுவனின் பிதுரார்ஜிதத்தை அவன் வளரும் வரை அரசன் காக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே நூல் ஒன்பதாம் அத்தியாயத்திலே, பெண் இளமையில் தந்தைக்கும், பருவத்தில் கணவனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கியவள் என்கிறது. சிறுவன் ஒருநாள் வளர்ந்து விடுவான். பெண்ணோ என்றுமே வளராதவள்! இதுதான் அங்கே கிடைக்கும் நீதி.

மேனாடு மட்டும் அன்று மேன்மையுற்றிருந்ததா? அங்கேயும் சென்று காண்போம். பிற்காலத்தில் நம்மை ஆண்ட சட்டங்கள் பல அங்கிருந்து வந்தவை அல்லவா? இங்கிலாந்திலே, படைச்சேவைக் கடமையோடு மன்னனிடம் நிலம் பெற்றவன், வயது வராத வாரிசை விட்டு இறந்தால், குழந்தையும் நிலமும் மன்னன் வசம் சேரும். நில வருவாய் மன்னனுக்கு. குழந்தைக்கு மணம் பேசும் உரிமையும் மன்னனுக்கு! இந்த வருமானத்தைத் திரட்டவே எட்டாம் ஹென்றி 1540இல் ஒரு நீதிமன்றத்தை நிறுவினான். காப்புரிமை அங்கே விலை பேசப்பட்டது. பெற்ற தாயே பணம் கட்டித் தன் மகவின் காப்புரிமையை வாங்க வேண்டிய அவலமும் நேர்ந்தது. நாடாளுமன்றம் 1646இல் இந்த வாணிபத்தை ஒழித்தது; 1660இன் சட்டம் அதை உறுதி செய்தது. அதே சட்டம், தன் மறைவுக்குப்பின் மக்களுக்குக் காப்பாளரை நியமிக்கும் உரிமையைத் தந்தைக்கு வழங்கியது. தாய்க்கு? தரவில்லை.

அங்கே மறைந்த நீதிமன்றத்தின் பெயர் இங்கே பிழைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1793இல் வங்காளத்திலும், 1804இல் சென்னை மாகாணத்திலும் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' அமைத்தது. பெயரிலே நீதிமன்றம், உண்மையிலோ அது வருவாய்த்துறையின் வாரியம். வரி வாங்கியவர்களே காவலர்கள்! வங்காளச் சட்டம், நிலத்தை நிர்வகிக்கத் தகுதியற்றோர் என வகுத்த பட்டியலைப் பாருங்கள்: மைனர்கள், சித்தம் கலங்கியோர், அறிவு வளராதோர், இவர்களோடு பெண்கள்! திறமையுடையவள் என்று அரசு ஒப்பினால் மட்டுமே விலக்கு. மனுவும் கம்பெனியும் கடல் கடந்து கைகுலுக்கிக் கொண்ட இடம் இது.

இராமநாதபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1873இல் சேதுபதி மறைந்தபோது, மகன் பாஸ்கர சேதுபதிக்கு வயது ஐந்து. ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் வசமாயிற்று. சிறுவனுக்கு ஆங்கிலக் கல்வி தரப்பட்டது. நிர்வாகம் அதிகாரிகள் கைக்குச் சென்றது. 1875ஆம் ஆண்டின் சட்டப்படி மற்றவர்க்கு 18 வயதில் மைனர் பருவம் முடியும். நீதிமன்றமோ கோர்ட் ஆப் வார்ட்ஸோ காவல் ஏற்ற பிள்ளைக்கு மட்டும் 21! ஆகவே 1889இலேதான் அவர் கைக்கு ஜமீன் வந்தது. நன்மை நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பேஷ்குஷ் தவறாமல் கட்டும் பெரிய ஜமீனுக்குத்தான் இந்தக் கவனிப்பு. இரண்டு காணி நிலம் விட்டுப்போன உழவனின் பிள்ளைக்கு எந்த வாரியம் வந்தது?

அந்த ஏழைப் பிள்ளைக்கு நெடுநாள் இருந்த அரண், 1856இல் லண்டன் பிரிவி கவுன்சில் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கிலே அளித்த தீர்ப்புத்தான். மைனர் மகனுக்காகத் தாய் சொத்தை ஈடுவைத்து வாங்கிய கடன் பற்றிய வழக்கு அது. மைனரின் சொத்தை நிர்வகிப்பவரின் அதிகாரம் வரம்புடையது. உண்மையான அவசியமோ சொத்துக்கு நன்மையோ இருந்தால்தான் ஈடு செல்லும் என்றது தீர்ப்பு. அரண்தான்; ஆனால் அதிலே ஒரு வாசலும் இருந்தது. 'அவசியம்' என்ற ஒரு சொல்லைப் பத்திரத்தில் எழுதிவிட்டு, சித்தப்பனும் மாமனும் தாமே காப்பாளர் எனக் கையெழுத்திட்டு நிலத்தை விற்க அதுவே வழியாயிற்று.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் பெரிய மாறுதல். மாவட்ட நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கும். குழந்தையின் நலன் எதுவோ அதன்படி நியமிக்கும். விவரம் அறிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கும். நியமனம் பெற்றவர் நீதிமன்ற அனுமதியின்றி நிலத்தை விற்கவோ, ஈடுவைக்கவோ, தானம் தரவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகை விடவோ கூடாது. நீதிமன்றம் கேட்டால் சொத்துப் பட்டியலும் வரவுசெலவுக் கணக்கும் தர வேண்டும்; நம்பிக்கைத் துரோகம் செய்தால் நீக்கப்படுவார். முதன்முதலாகக் குழந்தை, நிலத்தின் ஒட்டுச்சீட்டாக அன்றி, உயிராக மதிக்கப்பட்டது.

மகிழ்கிறோம். ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு சொன்னதென்ன? தகுதியுள்ள தந்தை உயிரோடிருக்க, குழந்தைக்கு நீதிமன்றம் வேறு காப்பாளரை நியமிக்கலாகாது. மணமான சிறுமிக்கோ, கணவன் தகுதியற்றவன் அல்லனெனில், அவனை மீறி நியமிக்கலாகாது. பொம்மை வைத்து விளையாடும் சிறுமிக்குப் புருஷன் காப்பாளன்! அங்கே தந்தை இருந்தான், கணவன் இருந்தான். தாய் என்ற சொல் இல்லை.

1956இன் இந்து மைனர், காப்பாளர் சட்டம் சித்தப்பன்களின் வாசலை அடைத்தது. தானாக வந்து அமர்ந்த காப்பாளருக்கு மைனரின் சொத்தை விற்கும் அதிகாரம் இல்லை என்றது. பெற்றோரே ஆனாலும் மைனரின் நிலத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. ஆயினும் இயற்கைக் காப்பாளர் யார் என்றபோது, "தந்தை, அவருக்குப் பின் தாய்" என்றே எழுதியது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று கூறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 'அவருக்குப் பின்' என்றால் 'அவர் இறந்தபின்' மட்டுமன்று. தந்தை பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டிலே 21 வயதுக் கட்டும் அகன்றது. 19ஆம் பிரிவிலே தந்தையோடு 'தாய்' என்ற சொல் சேர்ந்தது 2010இல். ஒரு சொல் நுழைய 120 ஆண்டுகள்!

பெற்றவளை நம்ப இத்தனை தயக்கம் ஏன்? நிலம் ஆணின் வழியே செல்வது, பெண் அதன் வாயிற்படியில் நிற்பவள் என்ற மூடநம்பிக்கைதான் காரணம். கோயிலில் மட்டுமல்ல, சட்டப் புத்தகத்திலும் மூடநம்பிக்கை குடியிருக்க முடியும்.

ஆகவே அந்தக் கூடத்திற்கு மீண்டும் செல்வோம். இந்த முறை நாமும் அங்கே இருக்கிறோம். தந்தை மறைந்தபின் தாயே இயற்கைக் காப்பாளர் என்று அவள் காதில் படச் சொல்லுவோம். நீதிமன்ற அனுமதியின்றிப் பிள்ளையின் நிலத்தை விற்க அவளையும் எவரும் வற்புறுத்த முடியாது என்று உறவினர் காதில் படச் சொல்லுவோம். காப்பாளர் அனுமதியின்றி விற்றுவிட்டால், 18 வயது நிறைந்தபின் 3 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம் என்று பாதிக்கப்பட்ட இளைஞனுக்குச் சொல்லுவோம். பத்திரம் எங்கே என்று எவரேனும் உரக்கக் கேட்டால், நாம் அதைவிட உரக்கக் கேட்போம்: "பையன் சாப்பிட்டானா? அவன் தாயைக் கேட்டீர்களா?"