இடைவேளையில் ஆடியவர்கள்

1922-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நல்ல ஏர்டேல் நாய் ஒன்றின் விலை 150 டாலர். அதே வருஷம் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் ஓர் அணியைச் சேர்ப்பதற்கான கட்டணம் 100 டாலர். வால்டர் லிங்கோ என்ற நாய் வியாபாரி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஒரு நாயை விற்ற காசில் ஓர் அணியையே வாங்கிவிடலாம், மிச்சமும் இருக்கும்.

நாய் விக்கிறவருக்கு எதுக்குக் கால்பந்து அணி? விளம்பரத்துக்குத்தான். லிங்கோவின் ஊர் லாரூ. ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். அங்கிருந்து தபால் வழியாக நாடு முழுக்க ஏர்டேல் நாய்களை விற்றுக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஹார்டிங் வளர்த்ததும் ஏர்டேல் நாய்தான். இந்த மவுசு இருக்கும்போதே தன் நாய்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று லிங்கோ நினைத்தார். அணிக்குத் தன் நாய்களின் பெயரையே வைத்தார்: ஊராங் இந்தியன்ஸ்.

இந்தியன்ஸ் என்றதும் நம்ம ஆளுங்க என்று நினைத்துவிடாதீர்கள். கொலம்பஸ் வழிதவறிப் போய் வைத்த பெயர் அது. அணியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அமெரிக்கப் பூர்வகுடிகள். செரோக்கி, சிப்பெவா, மோஹாக் என்று வெவ்வேறு இனத்தவர். ஆட்டமும் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. லீக் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்று உலகிலேயே பணக்கார விளையாட்டு லீக்குகளில் ஒன்றான என்.எஃப்.எல். அந்தப் பெயரைச் சூடிக்கொண்டதே 1922-இல்தான்.

அணியின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தவர் ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றவர். அதற்கு முன்பு கோடை விடுமுறைகளில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடினார் என்பது தெரியவந்ததும் 1913-இல் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். விளையாடிப் பணம் வாங்கியது குற்றம். லாரூவுக்கு வந்தபோது அவருக்கு வயது 35. கால்களில் பழைய வேகம் இல்லை. பெயர் மட்டும் இன்னும் விலைபோகும்.

தோர்ப், ஜோ கையன், பீட் காலக் மூவரும் கார்லைல் பள்ளியில் படித்தவர்கள். பென்சில்வேனியாவில் 1879-இல் ராணுவ அதிகாரி ஒருவர் தொடங்கிய அரசு விடுதிப் பள்ளி அது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து, வெள்ளைக்காரர்களைப் போல ஆக்குவதுதான் அதன் நோக்கம். அந்தப் பள்ளியின் கால்பந்து அணி 1911-இல் ஹார்வர்டையும் 1912-இல் ராணுவக் கல்லூரியையும் தோற்கடித்தது. 1918-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து, அந்தப் பையன்கள் சிலர் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தது நாய்ப் பண்ணையில்.

சரி, எப்படி ஆடினாங்க? பெரும்பாலும் தோத்தாங்க. லாரூவில் சரியான மைதானம்கூட இல்லை. சொந்த ஊர் ஆட்டம் என்றாலும் பக்கத்து ஊரான மேரியனில்தான். மற்றதெல்லாம் ரயில் ஏறிப் போய் ஆடுவது. முதல் ஆட்டத்தில் டேட்டனிடம் 36–0. ஆக்ரனிடம் 62–0. கொலம்பஸை இரண்டு முறையும் பஃபலோவை ஒரு முறையும் வென்றார்கள். சீசன் முடிவில் 3 வெற்றி, 6 தோல்வி.

லிங்கோவுக்கு இதில் பெரிய வருத்தம் இருந்திருக்காது. கூட்டம் வந்தது ஆட்டத்தைப் பார்க்க மட்டும் இல்லை. மற்ற அணிகள் இடைவேளையில் ஓய்வெடுக்கப் போகும்போது ஊராங் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்க முடியாது. இறகுக் கிரீடம் அணிந்து நடனம் ஆட வேண்டும். கோடாரியும் கத்தியும் எறிந்து காட்ட வேண்டும். ஏர்டேல் நாய்கள் கரடியை விரட்டி மரத்தில் ஏற்றும். நிக் லாசா என்ற ஆட்டக்காரர் கரடியோடு மல்லுக்கட்டுவார். அதெல்லாம் முடிந்து அதே உடம்போடு இரண்டாம் பாதி ஆட்டம். இன்றைய சூப்பர் பௌல் இடைவேளைக் கொண்டாட்டத்தின் கதையைச் சொல்பவர்கள் ஊராங்கிலிருந்து தொடங்குவது உண்டு.

எனக்கு இந்த இடத்தில்தான் கதை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 1921-இல் அமெரிக்க அரசின் பூர்வகுடி விவகார ஆணையர் சார்ல்ஸ் பர்க் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எண் 1665. பூர்வகுடிகள் தங்கள் சொந்த நிலத்தில் ஆடும் பாரம்பரிய நடனங்களைக் கட்டுப்படுத்தச் சொன்னது அது. 1923-இல் வந்த இணைப்பு இன்னும் கடுமை: மாதத்துக்கு ஒரு நடனம் போதும், ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்ற பரிந்துரையை அது சுமந்து வந்தது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊராங் ஆடியது 1922-இலும் 1923-இலும். தன் ஊரில், தன் சடங்குக்காக, தன் பாட்டியின் முன்னால் ஓர் இளைஞன் ஆடினால் அதிகாரிக்குப் பிடிக்காது. அதே இளைஞன் சிகாகோவில், நாய் விற்பனைக்காக, டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முன்னால் ஆடினால் கைதட்டல். நடனம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. அது யாருடையது என்பதுதான் பிரச்சினை.

அவர்களுக்கு இது புரியாமல் இல்லை. லியோன் பௌட்வெல் என்ற சிப்பெவா ஆட்டக்காரர் பின்னாளில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எங்களில் பலர் கல்லூரி வரை போனவர்கள், வெள்ளைக்காரர்களோ எங்களைக் காட்டுமிராண்டிகள் என்று நம்பினார்கள், சரி, நினைத்தபோது ரகளை செய்ய அது நல்ல சாக்காகப் போய்விட்டது என்கிற மாதிரி. ஆகவே அவர்களைப் பாவம் என்று சொல்லிவிட்டு என்னால் நகர முடியவில்லை. சம்பளம் கிடைத்தது. பழைய நண்பர்கள் பக்கத்தில் இருந்தார்கள். வேஷம் என்று தெரிந்தே போட்டார்கள். ஆனால் வேறு வேஷம் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு கேள்வி.

1923-இல் 1 வெற்றி, 10 தோல்வி. வேடிக்கை பழசானது, கூட்டம் குறைந்தது, லிங்கோ பணம் போடுவதை நிறுத்தினார். அணி கலைந்தது. பூர்வகுடிகள் எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள் என்று சட்டம் சொன்னது அதற்கு அடுத்த வருஷம், 1924-இல். தோர்ப் 1953-இல் இறந்தார். ஸ்டாக்ஹோமின் ஒரே வெற்றியாளர் அவர்தான் என்று ஒலிம்பிக் குழு முழுமையாக ஒப்புக்கொண்டது 2022-இல்.

என்.எஃப்.எல். பதிவேட்டில் ஊராங் இந்தியன்ஸின் இரண்டு சீசன்களும் இருக்கின்றன. மொத்தம் 4 வெற்றி, 16 தோல்வி. எதிரணி ஓய்வறையில் உட்கார்ந்திருந்தபோது இவர்கள் மைதானத்தில் ஆடிய ஆட்டத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.