‘ஃபினிஷ்டு லெதர்’னா என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்களுக்கு இந்த ஓட்டை தெரியும். ஆயிரக்கணக்கான விவசாயிகளை வரிசையா நிறுத்தி, ஒரு கம்பைக் கை மாத்தணும். விதிப்படி ஒரு ரவுண்டு 6 செகண்ட். அப்போ கம்பு தோட்டா மாதிரி பறக்கணுமே! 2024 டன்ஜன் மாஸ்டர் கையேடு சொல்லிடுச்சு: விதி வேற, இயற்பியல் வேற.

நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வாழுற தோல் தொழில்லயும் இதே சிக்கல் உண்டு. 1970-கள்ல அரசு, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துச்சு. செருப்பு இங்கேயே தைக்கணும், வேலை இங்கேயே இருக்கணும். ‘ஃபினிஷ்டு’ தோல் தாராளமா போகலாம்.

சரி, எது ஃபினிஷ்டு? மேல மெல்லிசா ஒரு கோட்டிங் அடிச்சா போதுமா? ஒவ்வொரு ரகத்துக்கும் அரசு வரையறை எழுதுச்சு. சந்தேகம்னா அடையாறு சி.எல்.ஆர்.ஐ. சோதனை. அப்பவும் சுங்க வழக்குகள் ஓயல.

2025-ல க்ரஸ்ட் தோலுக்கான 20% ஏற்றுமதி வரி போச்சு. மே மாசம் கட்டாயச் சோதனையும் போச்சு. வரி இல்லன்னா ஏமாத்த லாபமும் இல்ல.

நான் கோடு எழுதுறவன். ஓட்டையைத் தேடுறவன் வார்த்தையைப் படிக்கிறான். நாம நோக்கத்தையும் படிக்கணும். விதி போயிடுச்சு, சரி. ஆம்பூர்ல தைக்கிற அந்த வேலை நிக்குமா?